காது கேட்கிறது, பாடம் ஏறவில்லை: எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் செவிவழிச் செயலாக்கச் சோதனைகள்

மூன்றாம் வகுப்பு படிக்கும், எட்டு வயது முடிந்து ஒன்பது மாதமான ஒரு சிறுவன் கேட்டல் மதிப்பீட்டுக்கு வந்தான். பள்ளி எழுதி அனுப்பிய குறிப்பு இரண்டே வரி: கூப்பிட்டால் திரும்புவதில்லை, வாசிப்பில் வகுப்பைவிட மிகவும் பின்தங்கியிருக்கிறான், காதில் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கவும். (குழந்தையை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இதே வகைப் பிரச்சினையுடன் வந்த மற்ற குழந்தைகளிடம் கண்டதும் இதில் கலந்திருக்கிறது.)

பெற்றோர் ஏற்கெனவே நிறையப் படித்துவிட்டு வந்திருந்தார்கள். செவிவழிச் செயலாக்கக் குறைபாடு, சுருக்கமாக ஏபிடி, என்ற பெயர் அம்மாவின் வாயிலிருந்துதான் முதலில் வந்தது. காது ஒலியைச் சரியாகப் பிடித்தாலும், மூளை அதைப் பிரித்தறிவதிலும் வரிசைப்படுத்துவதிலும் இரைச்சலிலிருந்து பேச்சைத் தனியாக எடுப்பதிலும் தடுமாறுவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். "இதுதான்னா பயிற்சி கொடுத்தா சரியாகிடும், படிப்பும் தானா வந்துடும், இல்லையா மேடம்?" என்று கேட்டார். டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்புக் குறைபாடு, என்ற சொல்லைப் பள்ளியில் யாரோ சொல்லியிருந்தார்கள். அதைவிட இந்தப் பெயர் அவருக்கு இலேசாகத் தோன்றியிருக்க வேண்டும். இப்படிப் பல பெற்றோர் நினைக்கிறார்கள். அந்தக் கேள்வியின் இரண்டாவது பாதிக்கான பதில்தான் இந்த ஆய்வின் மையம்.

பின்னணி

பிறப்பிலும் வளர்ச்சிப் படிகளிலும் சிக்கல் எதுவும் இல்லை. பேச்சு மட்டும் சற்றுத் தாமதமாக வந்தது. இரண்டரை வயதுக்கு மேல்தான் இரண்டு சொல் சேர்த்துப் பேசினான். இரண்டிலிருந்து நான்கு வயதுவரை சளி பிடிக்கும்போதெல்லாம் நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டது. மருந்திலும் காத்திருப்பிலும் அது சரியானது. குழாய் வைக்க வேண்டிய நிலை வரவில்லை. அப்பாவின் தம்பிக்குச் சின்ன வயதில் வாசிப்பு மிகவும் சிரமமாக இருந்தது என்பது இரண்டாவது சந்திப்பில், வேறு ஏதோ பேசும்போது, வெளியே வந்தது. குடும்பத்தில் வாசிப்புச் சிக்கல் இருந்ததா என்ற கேள்விக்கு முதல் தடவையே உண்மையான பதில் வருவது அரிது.

வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். வீட்டில் ஒருவர் மட்டும் பேசினால் புரிந்துகொள்கிறான். தொலைக்காட்சி ஓடும்போது பேசினால் "என்ன?" என்கிறான். "பையை வச்சிட்டு, கைகழுவிட்டு, தண்ணி பாட்டிலை எடுத்துட்டு வா" என்றால் கடைசி வேலை மட்டும் நடக்கும். வகுப்பாசிரியை ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னார்: கணக்கில் அவன் பிரச்சினையே இல்லை, ஆனால் அதே கணக்கை வாக்கியமாக எழுதிக் கொடுத்தால் உட்கார்ந்துவிடுவான். கதையை அவர் வாசித்துக் காட்டினால் கேள்விகளுக்கு நன்றாகவே பதில் சொல்வான்.

இந்தக் கடைசித் தகவல் பாதி நோயறிதலுக்குச் சமம். காதால் கேட்ட கதை புரிகிறது, கண்ணால் வாசித்த கதை புரியவில்லை என்றால் சிக்கலின் ஒரு பகுதியாவது எழுத்தில் இருக்கிறது. பள்ளியின் குறிப்பில் இது இல்லை. நேரில் கேட்டபோதுதான் கிடைத்தது.

முதலில் காது

எந்தச் செயலாக்கச் சோதனைக்கும் முன்னால் காதே சரியாக இருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை இரு காதிலும் 15 டெசிபலுக்குள் கேட்டது, அது இயல்பு. செவிப்பறையின் அசைவை அளக்கும் டிம்பனோமெட்ரியில் செவிப்பறை இரண்டும் நன்றாக அசைந்தன, அதாவது இப்போது நடுக்காதில் நீர் இல்லை. உட்காதின் முடிச்செல்கள் தாமாக எழுப்பும் எதிரொலியைப் பதிவு செய்யும் ஓஏஇ சோதனையிலும், நடுக்காதுத் தசையின் அனிச்சைச் செயலிலும் குறை இல்லை. ஓஏஇ சரியாக இருந்து அனிச்சை மட்டும் இல்லாமல் போயிருந்தால் செவி நரம்பில் கோளாறு இருக்கலாம் என்று மூளைத்தண்டுச் சோதனைக்கு அனுப்பியிருப்போம். இவனுக்கு அது தேவைப்படவில்லை.

சாதாரணக் கேட்டல் சோதனை அமைதியான அறையில், ஒற்றைச் சுரத்தை வைத்துச் செய்யப்படுவது. வகுப்பறை அப்படி இருப்பதில்லை. 1950-களில் இத்தாலியில் போக்காவும் அவருடைய குழுவினரும் மூளையின் பக்கமடலில் கட்டி இருந்த நோயாளிகளைச் சோதித்தார்கள். அவர்களுடைய ஆடியோகிராம், அதாவது சாதாரணக் கேட்டல் சோதனையின் வரைபடம், இயல்பாக இருந்தது. ஆனால் ஒலியை வடிகட்டி மங்கலாக்கிய பேச்சைக் கொடுத்தபோது கட்டிக்கு எதிர்ப்பக்கக் காதில் புரிதல் குறைந்தது. பேச்சை வேண்டுமென்றே கடினமாக்கி, அதில் யார் தடுமாறுகிறார்கள் என்று பார்க்கும் இன்றைய சோதனைகள் அந்த வேரிலிருந்து வந்தவை. பெரியவர்களின் கட்டிக்காகப் பிறந்த சோதனையைக் கட்டி எதுவும் இல்லாத குழந்தைகளுக்குப் பொருத்தும்போது விளக்கத்தில் எச்சரிக்கை வேண்டும். அந்த எச்சரிக்கை நடைமுறையில் பல நேரம் காணாமல் போகிறது.

செயலாக்கச் சோதனைகள்

ஏழு வயதுக்குக் கீழே இந்தச் சோதனைகளை நம்ப முடியாது. ஒரே வயதுக் குழந்தைகளின் மதிப்பெண்களே அவ்வளவு சிதறிக்கிடக்கும். ஏழுக்கு மேலும் வயதுக்கேற்ற எல்லைகளோடுதான் ஒப்பிட வேண்டும். பேச்சு உள்ள சோதனைகளை வீட்டு மொழியில், தமிழிலேயே செய்தோம். பள்ளி மொழியில் செய்திருந்தால் காதைச் சோதிக்கிறோமா ஆங்கிலத்தைச் சோதிக்கிறோமா என்ற குழப்பம் வந்திருக்கும். இரண்டு அமர்வு, இரண்டும் காலையில். களைத்த குழந்தை எந்தச் சோதனையிலும் தோற்கும்.

இருகாது எண் சோதனையில் வலக்காதில் இரண்டு எண்களும் இடக்காதில் வேறு இரண்டு எண்களும் ஒரே நேரத்தில் கேட்கும்; நான்கையும் திருப்பிச் சொல்ல வேண்டும். வலக்காதில் 40 எண்களுக்கு 35 சரி, அதாவது 87.5 விழுக்காடு. இடக்காதில் 21 மட்டும், 52.5 விழுக்காடு. நாங்கள் வைத்திருக்கும் அளவுகோலில் இந்த வயதின் கீழ் எல்லை வலக்காதுக்கு 75, இடக்காதுக்கு 65.

வலக்காது முந்துவது பெரும்பாலானோருக்கு உள்ளதுதான். 1961-ல் டோரீன் கிமுரா இதை விளக்கினார். இரு காதுக்கும் போட்டி வரும்போது எதிர்ப்பக்க நரம்புப் பாதைதான் வலுப்பெறும். வலக்காதின் ஒலி நேராக இடமூளைக்குப் போகிறது. பெரும்பாலானோருக்கு மொழி அங்கேதான் இருக்கிறது. இடக்காதின் ஒலி முதலில் வலமூளைக்குப் போய், பிறகு இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பட்டை வழியாக இந்தப் பக்கம் வர வேண்டும். அந்தப் பட்டை முதிர்வதற்குப் பதின்பருவம்வரை ஆகும். அதனால்தான் சின்னக் குழந்தைகளுக்கு இடக்காது பின்தங்குகிறது. வயது ஏற ஏற இடைவெளி சுருங்குகிறது. இவனுக்குள்ள 35 புள்ளி வித்தியாசம் அந்த வயதுக்கும் அதிகம்.

இத்தோடு அறிக்கையை முடித்துவிடலாம், பலர் முடிக்கிறார்கள். ஆனால் நான்கு எண்களைத் திருப்பிச் சொல்ல நினைவும் வேண்டும். எண் நினைவுச் சோதனையில் இவன் முன்னோக்கி நான்கு எண்கள்வரைதான் போனான், பின்னோக்கி மூன்று. அதாவது இருகாதுச் சோதனை அவன் நினைவின் விளிம்பில் நடக்கிறது. பெரும்பாலான குழந்தைகள் வலக்காதில் கேட்டதை முதலில் சொல்லிவிடுவார்கள். அதற்குள் இடக்காதில் கேட்டது மறந்துபோகும். அப்போது குறைவது காதா நினைவா?

இதைப் பிரிக்க இரண்டு மாற்றங்கள் செய்தோம். முதலில் காதுக்கு ஓர் எண் மட்டும் கொடுத்தோம்: வலம் 20-க்கு 20, இடம் 20-க்கு 15. அப்புறம் பழையபடி நான்கு எண்கள், ஆனால் "இடது பக்கம் கேட்பதை மட்டும் சொல்லு" என்றோம். 21 ஆக இருந்தது 26 ஆனது; 65 விழுக்காடு. சரி, நினைவின் பளுவைக் குறைத்தால் மதிப்பெண் ஏறுகிறது, ஆனால் வலக்காதை எட்டவில்லை. இரண்டும் கலந்திருக்கிறது என்பதுதான் நேர்மையான வாசிப்பு. வெறும் கவனக்குறைவு மட்டும் என்றால் இரு காதும் சேர்ந்து விழுந்திருக்கும், ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி விழுந்திருக்கும். இவனுக்கு இடக்காதுதான் திரும்பத் திரும்ப விழுந்தது.

சுருதி வரிசைச் சோதனையில் 880, 1122 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு சுரங்கள் மூன்று மூன்றாக வரும். "மேல், கீழ், மேல்" என்று சொல்ல வேண்டும். அல்லது அதே மாதிரி முனக வேண்டும். முனகியபோது 30-க்கு 24 சரி. சொல்லச் சொன்னபோது 11. பாடநூல் விளக்கத்தில் இது அழகாகப் பொருந்தும்: சுருதியின் வடிவத்தை வலமூளை பிடித்துவிட்டது, அதற்கு இடமூளை பெயர் வைக்கும் வழியில் தடை, ஆகவே இணைப்புப் பட்டையில் தாமதம், இடக்காதுக் குறையும் அதையேதான் சொல்கிறது. எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. இந்தக் குழந்தைக்கு எதற்குமே பெயர் சொல்வது மெதுவாகத்தான் வருகிறது. படங்களையும் நிறங்களையும் வேகமாகப் பெயரிடும் சோதனையில் அவன் வயதுக்கு மிகவும் பின்னால் இருந்தான். அப்படியானால் "மேல், கீழ்" வராததற்கு நரம்புப் பட்டைவரை போகத் தேவையில்லை. இரண்டில் எது என்று இந்தச் சோதனையால் முடிவு செய்ய இயலாது.

இரைச்சலுக்கு நடுவே உள்ள மிகச் சிறிய மௌனத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையில் வலக்காது 5, இடக்காது 6 மில்லிசெகண்டு, இயல்பு. வாக்கியமும் இரைச்சலும் ஒரே திசையிலிருந்து வந்தபோது திணறினான். இரைச்சலை 90 பாகை தள்ளி வைத்ததும் நன்றாகவே தெளிந்தான். காதில் நீர் கோத்த வரலாறு உள்ள சில குழந்தைகளுக்குத் திசை வேறுபாட்டால் கிடைக்க வேண்டிய இந்த ஆதாயம் கிடைக்காமல் போகும். இவனுக்குக் கிடைத்தது. எனவே பழைய காது நீர்மேல் பழியைப் போட முடியவில்லை.

வாசிப்பு மதிப்பீடு

மொழியற்ற நுண்ணறிவுச் சோதனை சராசரி. கவனப் படிவத்தில் ஆசிரியையின் மதிப்பெண் எல்லையோரம், பெற்றோருடையது இயல்பு.

தமிழில் தெரிந்த சொற்களை நிமிடத்துக்கு 14 என்ற வேகத்தில் வாசித்தான். பொருளற்ற சொற்களில் 20-க்கு 4. ஆங்கிலத்திலும் இதே சாயல்; சொல்லின் முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகித்தான். 'மரம்' என்பதில் 'ம்' ஒலியைக் கடைசியிலிருந்து எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்ற மாதிரிக் கேள்விகளில் பாதிக்கு மேல் தவறு. 'ரம்' என்றான், 'மர' என்று சொல்ல வரவில்லை. நீளமான பொருளற்ற சொல்லைத் திருப்பிச் சொல்வதில் அசைகள் இடம் மாறின. வாசித்துக் காட்டிய பத்தியைக் கேட்டுப் புரிந்துகொள்வதில் வயதுக்கேற்ற நிலை.

எழுத்துப் பிழைகளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒற்றுகளை விட்டுவிடுகிறான்: 'பாட்டு' என்பதை 'பாடு' என்றும், 'பத்து' என்பதை 'பது' என்றும் எழுதினான். இதைக் காட்டி, "ட்டு என்பதில் உள்ள அந்தச் சின்ன மௌனம் அவன் காதில் விழவில்லை, ஆகவே ஒலியின் மிகச் சிறிய நேர மாற்றங்களைப் பிரித்தறிவதில் குறை" என்று சொல்லத் தோன்றும். 1970-களில் இருந்து பாவ்லா டல்லால் முன்வைத்த கருத்தும், வேகமாக மாறும் ஒலிகளைப் பிரித்தறிய முடியாததே மொழி, வாசிப்புச் சிக்கல்களுக்குக் காரணம் என்ற அந்தக் கருத்து, இந்த விளக்கத்துக்குத் துணை நிற்பதுபோல் தெரியும். ஆனால் ஒற்று இரட்டிக்கும்போது நாக்கு அடைத்து நிற்கும் நேரம் பல பத்து மில்லிசெகண்டு நீளமானது. 6 மில்லிசெகண்டு மௌனத்தைக் கண்டுபிடிக்கும் குழந்தைக்கு அது கேட்காமல் போக வழியில்லை. 'பாடு', 'பாட்டு' இரண்டையும் வாயால் சொல்லிப் படத்தைக் காட்டச் சொன்னோம். ஒரு தடவைகூடத் தவறவில்லை. கேட்கிறது, பிரிகிறது. எழுதும்போது அந்த ஒலியைத் தனியாக எடுத்து ஒரு குறியோடு இணைக்கத்தான் வரவில்லை. அது காதின் வேலை அல்ல, ஒலியனை, அதாவது சொல்லின் மிகச் சிறிய ஒலி அலகை, கையாளும் வேலை.

பெயர் வைப்பது

அமெரிக்கப் பேச்சு மொழி கேட்டல் சங்கம் 2005-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சோதனைகளில் சராசரியிலிருந்து இரண்டு திட்டவிலக்கமாவது (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) கீழே இருந்தால் ஏபிடி என்று சொல்லலாம். இடக்காது எண்கள் ஒன்று, சுருதி வரிசையைச் சொல்லுதல் இன்னொன்று. கணக்குப்படி இவனுக்கு ஏபிடி உண்டு. ஆனால் சொல்லுதல் பகுதியை நானே சந்தேகிக்கிறேன். அதை எடுத்துவிட்டால் கணக்கு மாறிவிடும்.

இந்தத் தடுமாற்றம் என்னுடையது மட்டும் இல்லை. 2013-ல் வில்சனும் ஆர்னட்டும் 150 குழந்தைகளின் ஒரே சோதனை முடிவுகளை ஒன்பது வேறு அளவுகோல்களால் பார்த்தார்கள். ஓர் அளவுகோலில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏபிடி. இன்னொன்றில் 96 விழுக்காட்டினருக்கு. குழந்தைகள் அதே குழந்தைகள்தான். அதற்கு முன், 2010-ல் டேவிட் மூர் குழுவினர் ஏறத்தாழ 1,500 பள்ளிக் குழந்தைகளைச் சோதித்து, கேட்பதில் சிரமம் என்று பெற்றோர் சொல்வது ஒலியைப் பிரித்தறியும் திறனைவிடக் கவனத்தோடும் அறிதல் திறன்களோடும்தான் அதிகம் ஒட்டிப்போகிறது என்று காட்டினார்கள். மனநல வகைப்பாட்டு நூலான டிஎஸ்எம்-5 ஏபிடியைத் தனிக் குறைபாடாகச் சேர்க்கவில்லை. வாசிப்புக் குறைபாட்டைச் சேர்த்திருக்கிறது.

அறிக்கையில் இப்படி எழுதினோம்: முதன்மையானது குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, வாசிப்பிலும் எழுத்திலும் (டிஸ்லெக்சியா). உடன் இருப்பது, இருகாதுக் கேட்டலில் இடக்காது பலவீனமும் இரைச்சலில் கேட்கும் சிரமமும். இது வகுப்பில் கவனிப்பதைப் பாதிக்கிறது, வாசிப்புச் சிக்கலுக்கு விளக்கமாகாது. அந்தக் கடைசிச் சொற்றொடரை அம்மா இரண்டு முறை வாசித்தார். ஏமாற்றம்தான். ஆனாலும் பள்ளி அந்த அறிக்கையை வைத்து என்ன செய்யும் என்பது அந்த வரியில்தான் இருந்தது. அது இல்லாவிட்டால், "ஹெட்போன் பயிற்சி முடியட்டும், வாசிப்பை அப்புறம் பார்க்கலாம்" என்று ஒரு கல்வியாண்டு போயிருக்கும்.

தலையீடு

வகுப்பறையில் முதல் மாற்றம் இருக்கை: மின்விசிறிக்கும் கதவுக்கும் அருகிலிருந்து விலக்கி, ஆசிரியை அதிகம் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில். ஆளில்லாத வகுப்பறையில் பின்னணி இரைச்சல் 35 டெசிபலும் எதிரொலி நேரம் 0.6 நொடியும் தாண்டக் கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. அந்த வகுப்பறை அதன் கிட்டவே வரவில்லை. நாற்காலிக் கால்களுக்கு ரப்பர், ஒரு துணிப் பலகை, இவ்வளவுதான் அங்கே முடிந்தது. வாய்மொழிக் கட்டளைகளைப் பிரித்துச் சொல்வதும், பலகையில் எழுதிப்போடுவதும் செலவில்லாதவை. ஆசிரியை உடனே தொடங்கிவிட்டார்.

தொலை மைக் கருவி ஒன்றை ஒரு பருவத்துக்குச் சோதனையாக வைத்தோம். ஆசிரியையின் வாயிலிருந்து 15 சென்டிமீட்டரில் மைக், குழந்தையின் காதில் சின்ன ஏற்பி. தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் திறந்தவெளியில் ஒலி 6 டெசிபல் குறையும். 15 சென்டிமீட்டரிலிருந்து 2.4 மீட்டருக்கு நான்கு இரட்டிப்பு, 24 டெசிபல். அறைக்குள் எதிரொலி சேர்வதால் இழப்பு அவ்வளவு இருக்காது. என்றாலும் ஆதாயம் பெரியது. முதல் வாரமே ஆசிரியை வித்தியாசத்தைச் சொன்னார். ஐந்தாறு வாரம் கழித்து அவன் கழற்றி பையில் வைக்க ஆரம்பித்தான். "எல்லாரும் பாக்குறாங்க" என்றான். வற்புறுத்தவில்லை. புதுப் பாடம் நடத்தும் முதல் இரண்டு பாடவேளைக்கு மட்டும் என்று பேசி முடித்தோம். அதை அவன் காப்பாற்றினான்.

இடக்காதுக்கான பயிற்சியில் வலக்காதின் ஒலியளவைக் குறைத்து வைத்து, இடக்காது தேறத் தேறக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துவோம். வாரத்துக்கு நான்கு நாள், 20 நிமிடம். வாசிப்புப் பயிற்சி கூடவே தொடங்க வேண்டியது. சிறப்புக் கல்வியாளர் கிடைக்க இரண்டு மாதம் ஆனதால் தள்ளிப்போனது. விரும்பித் திட்டமிட்டதல்ல, ஆனால் அந்த இரண்டு மாதம் ஒன்றைத் தெளிவாகக் காட்டியது. இடக்காது மதிப்பெண் 52.5-லிருந்து 72.5 விழுக்காட்டுக்கு ஏறியது. சொல் வாசிப்பு நிமிடத்துக்கு 14-லிருந்து 15.

அப்புறம் வாசிப்பு வகுப்பு வந்தது. வாரத்துக்கு ஐந்து நாள், 40 நிமிடம். உயிர்மெய்யை மெய்யும் உயிருமாக உடைத்துச் சேர்ப்பது, ஒற்றுள்ள சொற்களைத் தட்டி எண்ணுவது, பொருளற்ற சொற்களை வாசிப்பது, அதே ஒலிகளை எழுதுவது. நான்கு மாதத்தில் நிமிடத்துக்கு 31 சொற்கள். பொருளற்ற சொற்களில் 20-க்கு 12. இடக்காது அதற்குள் 77.5. பொதுவான ஆராய்ச்சிப் போக்கும் இந்தப் பக்கம்தான்: ஒலிப் பயிற்சி மென்பொருளாகப் பெரிதாக விளம்பரமான ஃபாஸ்ட் ஃபார்வேர்டு பற்றிய ஆய்வுகளை 2011-ல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது வாசிப்பிலோ மொழியிலோ பலன் இருப்பதற்குச் சான்று கிடைக்கவில்லை.

இந்த நிகழ்வின் வரம்புகளையும் சொல்லிவிட வேண்டும். ஒரே குழந்தை, ஒப்பீட்டுக்கு ஆள் இல்லை. ஆறு மாதத்தில் இடக்காது தானாகவும் கொஞ்சம் முதிர்ந்திருக்கும். அதே சோதனையைத் திரும்பச் செய்த பழக்கமும் ஓரளவு மதிப்பெண்ணை ஏற்றியிருக்கும். வகுப்பில் கவனிப்பு கூடியதில் மைக்கின் பங்கு எவ்வளவு, ஆசிரியை பேசும் முறையை மாற்றியதன் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. வாசிப்பு வேகம் இன்னும் வகுப்பின் சராசரிக்குக் கீழேதான். ஆங்கில வாசிப்பு பெரிதாக நகரவில்லை. அதற்குத் தனி வேலை அடுத்த பருவத்தில் தொடங்குகிறது.

இடக்காதுப் பயிற்சியை நிறுத்திவிட்டோம். வயதுக்கான எல்லையை அது கடந்துவிட்டது. அந்த 20 நிமிடமும் இனி வாசிப்புக்கே போகிறது. தேர்வில் கூடுதல் நேரமும், கணக்கு வினாக்களை வாசித்துக் காட்டும் உதவியும் கேட்டுப் பள்ளிக்கு எழுதியிருக்கிறோம். பத்து வயதில் சுருதி வரிசைச் சோதனையையும் வேகப் பெயரிடலையும் ஒரே நாளில் திரும்பச் செய்வதாகத் திட்டம். பெயரிடும் வேகம் அப்படியே இருந்து "மேல், கீழ்" சொல்வது மட்டும் தேறியிருந்தால் நரம்புப் பட்டை விளக்கத்தை நான் கொஞ்சம் கூடுதலாக நம்பத் தயார்.